பெருந்தரவு அணிகளைச் சிறு நினைவகத்தில் ஆளும் முறை

1. முன்னுரை

அறிவியல் துறைகள் பலவும் இன்று எண்களின் பெருந்தொகுதிகளைக் கொண்டே ஆய்வு நிகழ்த்துகின்றன. வானிலை, கடல், விண்மீன், உயிரணு ஆகியவற்றை ஆராய்வார் எடுத்தாள வேண்டிய தொகுதி, அவர்தம் கணினியின் நினைவகத்தைப் போல் இரு மடங்காகவோ இருநூறு மடங்காகவோ இருத்தல் இயல்பாகிவிட்டது. அத்தகைய தொகுதியை ஒருங்கே நினைவகத்தில் ஏற்ற முற்பட்டால், கணினி முதலிலேயே மறுத்துவிடும். அன்றி, நெடுநேரம் திணறிய பின்னர் இயக்க முறைமை அந்நிரலை இடையிலேயே முடித்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டைப் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் எவ்வாறு கடக்கலாம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு நிறுவப் புகும் கருத்து ஒன்றே. தரவைக் கூறிடும் முறை, அத்தரவை நோக்கி நாம் எழுப்பும் வினாவைப் பின்பற்றி அமைதல் வேண்டும் என்பதே அது. வினாவின் இயல்பை ஆராயாது கூறிட்டால் நினைவகம் பிழைத்துக்கொள்ளும். விடை பிழைபட்டுப் போகும். நினைவகம் நிறைந்தால் கணினி அறிவிக்கும். விடை பிழைபட்டால் அறிவிக்காது. ஆதலின் பின்னதே பெரிதும் அஞ்சத்தக்கது.

இப்பொருள் தமிழாய்விதழுக்கு அயலானதோ எனச் சிலர் ஐயுறலாம். ஏட்டுச்சுவடிகளின் ஒளிப்படங்களும் கணினிக்கு எண்தொகுதிகளே. 4000 புள்ளி நீளமும் 3000 புள்ளி அகலமும் கொண்ட வண்ணப்படம் ஒன்று, புள்ளிக்கு 3 பைட்டாக, 3 கோடியே 60 இலட்சம் பைட் இடங்கொள்ளும். அத்தகைய படங்கள் 10,000 சேர்ந்தால் 360 ஜிகாபைட் ஆகும். எனவே இம்முறைகளை அறிதல் சுவடித்துறையார்க்கும் வேண்டற்பாலதே. ஆயினும், இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது வானிலைத் தரவு ஒன்றனையே. அதன் அமைப்புத் தெளிவாக வரையறுக்கப்பட்டிருத்தலின் கணக்கிட்டுக் காட்டல் எளிது.

2. அணியும் அதன் அளவும்

'அணி' என்னுஞ் சொல்லை ஈண்டுச் செய்யுளணி என்னும் பொருளிற் கொள்ளற்க. படையணி என்பதிற்போல, ஒழுங்குபட நிறுத்தப்பட்ட வரிசை என்பதே இங்குப் பொருள். ஒரே வகையைச் சார்ந்த எண்கள், ஒவ்வொன்றும் ஒரே அளவு இடங்கொண்டு, இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைந்த தொகுதி அணியாகும். எண்ணின் இருப்பிடத்தைச் சுட்டும் திசைகளை அச்சு என்பர். காலம், அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் மூன்று அச்சுகளை உடையது வானிலை அணி.

பைத்தான் மொழியில் அணிகளை ஆளும் நூலகம் நம்பை என்பது. அதன் 1.0 பதிப்பு, டிராவிஸ் ஆலிஃபண்ட் என்பாரின் முயற்சியால் 2006இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் வழங்கிய நியூமெரிக், நம்அரே என்னும் இரண்டனையும் அஃது ஒன்றுபடுத்தியது. பைத்தானின் இயல்பான பட்டியலில் ஒவ்வோர் எண்ணும் தனிப்பொருளாய் நினைவகத்தில் கிடக்கும்; பட்டியல் அவற்றின் முகவரிகளை மட்டுமே தாங்கும். நம்பை அணியிலோ எண்கள் மட்டுமே நெருங்கி நிற்கும். ஆதலின் அணி கொள்ளும் இடத்தை முன்னரே கணித்துவிடலாம். அச்சுகளின் நீளங்களை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததை ஓர் எண்ணுக்குரிய பைட் அளவால் பெருக்குக. ஒற்றைத் துல்லிய எண் 4 பைட்டும் இரட்டைத் துல்லிய எண் 8 பைட்டும் கொள்ளும். நிரல் எழுதத் தொடங்குமுன் இப்பெருக்கலைச் செய்தல் முதற்கடனாகும்.

ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் உருவாக்கிய இஆர்ஏ 5 என்னும் தொகுதிக்கு இதனைப் பொருத்துவோம். அஃது உலகம் முழுவதையும் 0.25 பாகை இடைவெளியில், 721 அகலக்கோடுகளும் 1440 நெடுங்கோடுகளுமாகப் பகுத்து, 1940 முதல் மணிக்கு ஒருமுறை வெப்பநிலை முதலியவற்றைத் தருகின்றது. ஒரு மணிக்குரிய உலகப் படத்தில் 10,38,240 எண்கள் உள்ளன. ஒற்றைத் துல்லியத்தில் அவை ஏறத்தாழ 4.15 மெகாபைட் கொள்ளும். ஓராண்டின் 8760 மணிக்கு 36.4 ஜிகாபைட் வேண்டும். 1940 முதல் 2024 முடியவுள்ள 85 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3.1 டெராபைட் வேண்டும். இத்துணையும் நிலத்திற்கு மேல் 2 மீட்டர் உயரத்து வெப்பநிலை என்னும் ஒரே பொருளுக்கே. நம் கணினியின் நினைவகம் 16 ஜிகாபைட் எனக் கொள்வோம்.

3. நினைவகம் நிறையும் வழிகள்

36.4 ஜிகாபைட் அணி 16 ஜிகாபைட் நினைவகத்தில் அடங்காமை வெளிப்படை. அடங்கும் என்று கருதிய அணியும் அடங்காது போதற்குக் காரணங்கள் மூன்று உள.

முதலாவது, வட்டில் உள்ள அளவும் நினைவகத்தில் விரியும் அளவும் வேறுபடுதல். வானிலைக் கோப்புகள் பலவற்றில் வெப்பநிலை 2 பைட் முழு எண்ணாகச் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். ஒரு பெருக்கெண்ணாற் பெருக்கி ஒரு கூட்டெண்ணைக் கூட்டினாலன்றி உண்மை வெப்பநிலை கிடைக்காது. வட்டில் 18.2 ஜிகாபைட்டாகக் கிடந்தது, அவ்வாறு விரிக்கப்பெறும்போது ஒற்றைத் துல்லியத்தில் 36.4 ஆகவும், இரட்டைத் துல்லியத்தில் 72.8 ஆகவும் பெருகும். கோப்பின் அளவைக் கண்டு நினைவகத்தை மதிப்பிடுதல் தவறு என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, இடைவிளைவுகள். ஓர் அணியிலிருந்து சராசரியைக் கழித்து, வந்த வேறுபாட்டுக்கு ஒரு பெயரும், அதன் வருக்கத்துக்கு வேறொரு பெயரும் இட்டு வைத்தால், நினைவகத்தில் ஒன்றற்கு மூன்று அணிகள் நிற்கும். விடையைப் பழைய அணியின் இடத்திலேயே எழுதுமாறு நம்பையைப் பணிக்கும் வழி உண்டு. அதனைக் கையாண்டால் ஓர் அணியின் இடமே போதும்.

மூன்றாவது, நோக்கு, படி என்னும் வேறுபாடு. நம்பையில் ஓர் அணியின் தொடர்ந்த பகுதியை வெட்டியெடுத்தால் புதிய அணி பிறப்பதில்லை. பழைய அணியின்மீது ஒரு நோக்கு மட்டுமே பிறக்கும். இஃது இடத்தை மிச்சப்படுத்தும். ஆயின், அச்சிறு நோக்கு உள்ளளவும் பேரணி முழுவதும் நினைவகத்தை விட்டு நீங்காது. பகுதி மட்டுமே வேண்டுமெனின், அதனைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை விடுவித்தல் வேண்டும்.

4. வினாவின் நால்வகை

அணியை நோக்கி எழுப்பப்படும் வினாக்களை, அவை எத்துணைத் தரவை ஒருங்கே வேண்டுகின்றன என்பது பற்றி நால்வகைப்படுத்தலாம்.

(அ) தனிநிலை வினா. ஒவ்வோர் எண்ணும் பிறிதோர் எண்ணை வேண்டாது விடை பெறுவது. கெல்வின் அளவைச் செல்சியசாக மாற்றுதல் இவ்வகை. எவ்வாறு கூறிடினும் விடை மாறாது.

(ஆ) தொகைநிலை வினா. கூறு ஒவ்வொன்றற்கும் ஒரு சிறு விடை கண்டு, அவற்றைத் தொகுத்து முழுவிடை பெறுவது. கூட்டுத்தொகை, எண்ணிக்கை, பெருமம், சிறுமம் என்பன இவ்வகை. சராசரி, கூட்டுத்தொகையாலும் எண்ணிக்கையாலும் பெறப்படுதலின் இதன்பாற்படும்.

(இ) அண்டைநிலை வினா. ஒவ்வோர் எண்ணும் தன்னையடுத்த சில எண்களை வேண்டுவது. நகரும் சராசரி இவ்வகை. கூறின் எல்லையில் நிற்கும் எண்ணுக்கு அண்டைக் கூறின் எண்களும் தேவைப்படுதலின், ஒவ்வொரு கூறையும் அதன் விளிம்புக்கு அப்பாலும் சிறிது சேர்த்துப் படித்தல் வேண்டும்.

(ஈ) முழுநிலை வினா. ஒரு வரிசையின் எண்கள் அனைத்தையும் ஒருங்கே வேண்டுவது. இடைநிலை எண், நூற்றுமானம், வரிசைப்படுத்தல் என்பன இவ்வகை.

ஆவகை வினாவால் வரும் பயன் பெரிது. ஓராண்டுச் சராசரி வெப்பநிலைப் படம் ஒன்று வேண்டுமெனக் கொள்வோம். நாள்தோறும் 24 மணிப் படங்களைப் படித்தால் ஒரு கூறு ஏறத்தாழ 100 மெகாபைட். அவற்றை இரட்டைத் துல்லியக் கூட்டுப் படம் ஒன்றிற் கூட்டிவிட்டுக் கூறை விடுவித்தால், கூட்டுப் படம் கொள்ளும் இடம் 8.3 மெகாபைட்டே. 36.4 ஜிகாபைட் வேண்டும் எனத் தோன்றிய பணி, ஏறத்தாழ 110 மெகாபைட்டில் முடிகின்றது. 85 ஆண்டுகளுக்கும் இதே இடம் போதும்; காலம் மட்டுமே மிகும்.

ஈவகையில் இவ்வழி செல்லாது. ஆயினும், 'முழுமை' என்பது எவ்வச்சின்கண் என ஆராய்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்திற்கும் ஆண்டின் இடைநிலை வெப்பம் வேண்டுமெனின், முழுமையாக வேண்டுவது காலம் மட்டுமே. இடத்தைக் கூறிடுதற்குத் தடையில்லை. 12 அகலக்கோடும் 12 நெடுங்கோடும் கொண்ட சிறு கட்டத்தை 8760 மணிக்கும் எடுத்தால் 5 மெகாபைட் அளவே ஆகும். எனவே நால்வகை வினாவுக்கும் சிறு நினைவகம் போதும். கூறிடும் அச்சு மட்டுமே மாறுபடும்.

5. கூறின் வடிவம்

நினைவகத்தில் எவ்வாறு கூறிடுவது என்பதோடு வினா முடிவதில்லை. வட்டிலும் தரவு கூறுகளாகவே கிடக்கின்றது. நெட்சிடிஎஃப் 4, எச்டிஎஃப் 5, ஸார் ஆகிய கோப்பு முறைகள் அணியைச் சிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே சுருக்கி வைக்க வல்லன. சுருக்கிய பெட்டியிலிருந்து ஓர் எண் வேண்டினும் பெட்டி முழுவதையும் படித்து விரித்தல் வேண்டும். இவ்விதியால் விளையும் வேறுபாட்டை மூன்று வடிவங்களைக் கொண்டு காட்டலாம். பின்வரும் அளவுகள் விரித்த நிலைக்கு உரியன.

முதல் வடிவம்: ஒரு மணிக்கு ஒரு பெட்டி, அதனுள் உலகம் முழுதும். ஒரு மணியின் உலகப் படம் வேண்டின் 4.15 மெகாபைட் விரித்தாற் போதும். ஓர் ஊரின் ஓராண்டு வரிசை வேண்டினோ, 8760 பெட்டிகளையும், அஃதாவது 36.4 ஜிகாபைட்டையும் விரித்தல் வேண்டும். அவ்வரிசையின் உண்மை அளவோ 35,040 பைட்டே.

இரண்டாம் வடிவம்: ஓராண்டு முழுதும், 12க்கு 12 கட்டம். ஊரின் வரிசைக்கு ஒரு பெட்டி, 5 மெகாபைட் போதும். உலகப் படம் ஒன்றற்கோ 7320 பெட்டிகள் அனைத்தையும் திறத்தல் வேண்டும்.

மூன்றாம் வடிவம்: 240 மணி, 72க்கு 72 கட்டம். இப்பெட்டியும் 5 மெகாபைட் அளவினதே. ஊரின் வரிசைக்கு 37 பெட்டிகள், ஏறத்தாழ 184 மெகாபைட். உலகப் படத்திற்கு 220 பெட்டிகள், ஏறத்தாழ 1.1 ஜிகாபைட். இரண்டு வினாவுக்கும் சிறந்ததன்று, இரண்டுக்கும் கொடியதுமன்று.

பெட்டியின் அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பவும், வடிவத்தால் வேறுபாடு பல ஆயிரம் மடங்கு ஆதல் காண்க. ஒரே வகை வினாவைப் பலமுறை எழுப்ப வேண்டியிருப்பின், தரவை ஒருமுறை முழுதும் படித்து, வினாவுக்கேற்ற வடிவில் மீண்டும் எழுதி வைத்துக்கொள்ளுதல் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். ஒரே ஒருமுறை வினவுவார்க்கு அவ்வுழைப்பு வீண்.

6. கருவிகள்

இம்முறைகளை நிறைவேற்றும் கருவிகளைச் சுருங்கக் கூறுவோம்.

நினைவகப் பொருத்தம் என்பது நம்பையிலேயே உள்ளது. வட்டில் உள்ள கோப்பை அணிபோலவே காட்டி, தொட்ட பக்கங்களை மட்டும் இயக்க முறைமை நினைவகத்திற்குக் கொணருமாறு செய்வது அது. பக்கம் பெரும்பாலும் 4096 பைட் அளவினது. சுருக்கப்படாத, ஒரே சீராக எழுதிய கோப்பிற்கே இது பொருந்தும். மணிவாரியாக எழுதிய அத்தகைய கோப்பில் ஓர் ஊரின் ஆண்டு வரிசையைத் தொட்டால், 8760 பக்கங்கள், ஏறத்தாழ 36 மெகாபைட், வந்தாற் போதும். சுருக்கம் வட்டில் இடத்தை மிச்சப்படுத்தினும், இத்தகைய வினாவில் எதிர்மாறான பயன் தருதலை இதனால் உணரலாம்.

ஸார் என்னும் முறையை அமைத்தவர், மலேரியா பரப்பும் கொசுவின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த அலிஸ்டர் மைல்ஸ். அம்முறையின் அடிப்படை அமைப்பிற் கூறு ஒவ்வொன்றும் தனிக்கோப்பாக நிற்றலின், பலர் ஒருங்கே வெவ்வேறு கூறுகளைப் படிக்கவும் எழுதவும் இயலும்.

எக்ஸ்அரே என்பது ஸ்டீபன் ஹோயர் முதலியோர் 2014இல் பொதுவில் வெளியிட்ட நூலகம். அச்சுகளுக்கு எண்ணாற் பெயரிடாது, காலம், அகலக்கோடு என்றாங்குச் சொல்லாற் பெயரிட இடந்தருதலின், எவ்வச்சின்வழிச் சுருக்குகின்றோம் என்பதில் மயக்கம் நீங்கும். கோப்பைத் திறக்கும்போது அது தரவைப் படிப்பதில்லை. ஆயின், கூறிடுமாறு நாம் பணிக்காவிடின், முதற் கணிப்பிலேயே அவ்வணி முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிவிடும் என்பதை மறத்தலாகாது.

மேத்யூ ராக்ளின் என்பார் தொடங்கிய டாஸ்க், கணிப்பை உடனே செய்யாது, எந்தக் கூறின்மேல் எந்தப் பணி, எதன்பின் எது என்னும் திட்டத்தை முதலில் வரைந்துகொள்ளும். விடை கேட்கும்போதே பணி தொடங்கும். இதனை ஆள்வார் இரண்டு நெறிகளைப் போற்றுதல் வேண்டும். விடையே பேரணியாயின், அதனை நினைவகத்திற்கு அழையாது நேரே வட்டில் எழுதுமாறு பணித்தல் ஒன்று. ஒருங்கியங்கும் பணியாளரின் எண்ணிக்கையைக் கணக்கிற் கொள்ளுதல் மற்றொன்று. கூறு 500 மெகாபைட்டாகவும் பணியாளர் 8 ஆகவும் இருந்து, ஒவ்வொருவரும் மூன்று இடைவிளைவுகளைத் தாங்கினால், 12 ஜிகாபைட் அப்போதே நிறைந்துவிடும்.

7. விடை பிழைபடும் இடங்கள்

கூறிடுதல் பழகியபின் நேரும் பிழைகள் கணினியால் அறிவிக்கப்படாதவை. அவற்றுள் தலையாயவை நான்கு.

முதலாவது, சராசரிகளின் சராசரி. 10, 20, 30 என்பது ஒரு கூறு. 40 மட்டும் மற்றொரு கூறு. கூறுகளின் சராசரி 20, 40. அவற்றின் சராசரி 30. நான்கெண்களின் உண்மைச் சராசரியோ 25. 28 நாட் பெப்ருவரியையும் 31 நாட் சனவரியையும் ஒப்ப எண்ணுதல் இப்பிழையே. இடையிடையே அளவை இல்லாத தரவாயின் ஒவ்வோர் இடத்திற்கும் எண்ணிக்கை வேறுபடும். ஆதலின் கூறுதோறும் சராசரியைச் சேமியாது, கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் சேமித்தல் வேண்டும்.

இரண்டாவது, இடைநிலைகளின் இடைநிலை. 1, 2, 9. 1, 3, 9. 7, 8, 9 என்னும் மூன்று கூறுகளின் இடைநிலைகள் 2, 3, 8. அவற்றின் இடைநிலை 3. ஒன்பது எண்களையும் வரிசைப்படுத்தினால் இடைநிலை 7. முழுநிலை வினாவைத் தொகைநிலை வினாவாகக் கருதியதால் வந்த வழு இது.

மூன்றாவது, துல்லியம் தேய்தல். ஒற்றைத் துல்லியத்தில் 1,67,77,216 என்னும் எண்ணோடு 1 கூட்டினால் எண் மாறுவதில்லை. ஏறத்தாழ 13 கோடியே 42 இலட்சத்திற்கும் 26 கோடியே 84 இலட்சத்திற்கும் இடையில், அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி 16 ஆகிவிடும். 85 ஆண்டு மணிவாரி வெப்பநிலையைக் கெல்வினிற் கூட்டினால், தொகை பெரும்பாலான இடங்களில் இவ்வெல்லைக்குள் வந்து சேரும். அந்நிலையில் 300 கூட்டினால், தொகையிற் கூடுவது 304. உண்மைத் தரவு ஏறியிறங்குதலின் வழுக்கள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். அதனை நம்பி, பாகையின் சிறுபகுதியளவான வெப்பமாற்றத்தை ஆராய்தல் பொருந்தாது. ஒற்றைத் துல்லிய அணியின் சராசரியை நம்பை, நாம் வேறு பணிக்காவிடின், ஒற்றைத் துல்லியத்திலேயே கூட்டும். நினைவகத்தில் அடுத்தடுத்து நிற்கும் அச்சின்வழிக் கூட்டும்போது இணையிணையாகக் கூட்டி வழுவைக் குறைக்கும். ஏனை அச்சுகளின்வழி அங்ஙனம் செய்வதில்லை. எனவே தொகையை இரட்டைத் துல்லியத்தில் வைக்குமாறு வெளிப்படையாகப் பணித்தல் வேண்டும்.

நான்காவது, பரவலளவு காணும் முறை. வருக்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வருக்கத்தைக் கழிக்கும் வழி எளிதாயினும், இரு பேரெண்களின் சிறு வேறுபாட்டைக் கொள்ளுதலின் துல்லியத்தை இழக்கும். 1962இல் வெல்ஃபோர்டு என்பார், எண்கள் ஒவ்வொன்றாக வருந்தோறும் சராசரியையும் விலக்கங்களின் வருக்கத்தொகையையும் திருத்திக்கொண்டு செல்லும் முறையை வெளியிட்டார். பின்னர்ச் சான், கோலப், லெவெக் ஆகியோர் இரண்டு கூறுகளின் விடைகளை இணைக்கும் விதியைத் தந்தனர். இரு கூறுகளின் வருக்கத்தொகைகளைக் கூட்டி, அவற்றின் சராசரிகளின் வேறுபாட்டை வருக்கித்து, அதனை இரு எண்ணிக்கைகளின் பெருக்கற்பலனாற் பெருக்கி, எண்ணிக்கைகளின் கூட்டால் வகுத்து, வந்ததையும் சேர்க்க என்பது அவ்விதி. இதனாற் பரவலளவும் தொகைநிலை வினாவாகிவிடுகின்றது.

8. தடையும் விடையும்

'நினைவகத்தின் விலை குறைந்துவருதலின், பெரிய கணினியை வாங்குதலே எளிதன்றோ?' என்பது தடை. ஓராண்டுத் தரவுக்கு அது விடையாகலாம். 3.1 டெராபைட் தரவுக்கும், அதனோடு காற்று, மழை முதலியவற்றையும் சேர்த்து ஆராய்வார்க்கும் அது விடையாகாது. பெருங்கணினி உள்ள நிறுவனத்தார் மட்டுமே அத்தரவை ஆராயலாம் என்னும் நிலையும் அதனால் உண்டாகும். மேலும், முன்னைப் பகுதியிற் கூறிய வழுக்களுள் துல்லியத் தேய்வு, நினைவகம் பெரிதாயினும் நீங்காது.

'தரவை நாட்சராசரியாகச் சுருக்கிக்கொண்டு ஆராய்ந்தாலென்ன?' என்பது மற்றொரு தடை. சுருக்கம் வினாவோடு ஒத்ததாயின் ஏற்கத்தக்கதே. ஒரு நாளின் உச்ச வெப்பத்தை ஆராய்வார்க்கு நாட்சராசரி பயன்படாது. வேண்டும் செய்தியே அதில் அழிந்துபோயிருக்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும் முடிபுகள் வருமாறு: அணியின் அளவை நிரல் எழுதுமுன் பெருக்கியறிதல் வேண்டும். இடைவிளைவும் வகைமாற்றமும் அவ்வளவை மும்மடங்காக்கவுங் கூடும். வினா தனிநிலை, தொகைநிலை, அண்டைநிலை, முழுநிலை என்பவற்றுள் எதுவென்று முதலில் துணிந்து, அதன் பின்னரே கூறிடும் அச்சையும் வடிவத்தையும் தேர்தல் வேண்டும். கூறுகளின் விடையைத் தொகுக்கும் விதி, முழுத்தரவின் விடையையே தருவதாதல் வேண்டும்.

இறுதியாக, செய்முறை ஒன்றனைக் கூறி அமைவாம். நினைவகத்தில் அடங்கும் சிறு பகுதி ஒன்றை, ஒரு மாதத்தையோ ஒரு நிலப்பகுதியையோ எடுத்து, அதனை ஒருமுறை முழுதாகவும் ஒருமுறை கூறிட்டும் கணிக்க. கூறுகள் சமமாகாதவாறு வேண்டுமென்றே பகுக்க. இரு விடையும் ஒத்தாலன்றிப் பெருந்தரவின்மேல் அந்நிரலைச் செலுத்தற்க. துல்லியத் தேய்வோ தொகை பெரிதான பின்னரே வெளிப்படும். ஆதலின் இச்சோதனையில் தேறிய நிரலும் தன் தொகையை இரட்டைத் துல்லியத்திலேயே வைத்தல் வேண்டும்.